சிலிப்பரோடு உள்ளே வாங்க

சைக்கிள் கடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டயர் தொங்கும், டியூப் தொங்கும், தரையில் எண்ணெய்க் கறை இருக்கும். காற்றுப் போனால் தள்ளிக்கொண்டு போவோம்; சரியானால் ஏறி மிதித்துக்கொண்டு வருவோம். அவ்வளவுதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தோட்டத்துப் பையனாக ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றவன் நான். பிறகு இன்னொரு கடையில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றேன். அதற்கும் பிறகு 1981 முதல் 2014 வரை சொந்தமாகக் கடை நடத்தினேன். வாசலுக்கு வெளியேயும் நின்று, கல்லாவுக்குப் பின்னாலும் நின்று பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சில கடைகளுக்குள் நம் கால் தானாகப் போய்விடும். சில கடைகளின் படியில் கால் தானாக நின்றுவிடும். இது ஏன் என்று எனக்கு நன்றாக விளங்குவதற்கு முப்பது வருடம் ஆயிற்று. விளங்க வைத்தவர்கள் ஒரு தாயும் மகளும். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் அப்பாவின் கதை.

எங்கள் தோட்டம் சுங்கைப்பட்டாணியிலிருந்து எட்டாங்கட்டையில் இருந்தது. பெரிய சடக்கில் இறங்கி, செம்மண் சடக்கில் இன்னும் ஒரு மைல் உள்ளே நடக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிக்கலாம். அதற்கு முன்பெல்லாம் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு சோதனை இருந்தது. அதில் தேறினால்தான் இடைநிலைப் பள்ளி. தேறாத பிள்ளைகள் வாளியைத் தூக்க வேண்டியதுதான். அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆக்கினார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு முதலாம் படிவத்துக்குப் போக வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது உண்மை. ஆனால் அந்தக் கதவு பட்டணத்தில் இருந்தது. எங்கள் வீடு எட்டாங்கட்டையில் இருந்தது.

பஸ் காசைக் கணக்குப் பார்த்த அம்மா, மாதக் கடைசியில் அரிசிக்கு என்ன செய்வது என்று கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. அன்று இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருவரும் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சைக்கிள் ஒண்ணு இருந்தா அவன் பாட்டுக்குப் போய் வந்துருவான்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா ஜனவரியிலே நம்மோட காட்டுக்குத்தான் வரணும்."

1965 டிசம்பர்ச் சம்பளம் போட்ட மறுநாள், அம்மா கூட்டுக் கட்டி எடுத்த முப்பது வெள்ளியை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். அப்பா கல்யாணம் காட்சிக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பால்வெட்டுக்காரர் கையில் அந்த வாசம் போகாது. ஒட்டுப்பால் வாசம். நமக்கு அது வாசமாகவே தெரியாது. மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் பெரிய வீதியில் இருந்த ஒரு பெரிய கடைக்குப் போனோம். தவணைக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. சட்டத்தில் சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. ராலே சைக்கிள் ஒன்று கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளத்தது. எதிலும் விலை எழுதவில்லை. படி உயரமாக இருந்தது. கடையின் கடைசியில், மேடை போட்ட கல்லாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் வந்து நிற்கிறவனை அவர் அங்கிருந்து முழுதாகப் பார்க்கலாம். வாசலில் நிற்கிறவனுக்கு அவர் தலை மட்டும்தான் தெரியும்.

அப்பா படியில் ஒரு காலை வைத்தார். கல்லாவில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"வாங்கவா, சும்மா பார்க்கவா?" என்றார்.

திட்டவில்லை, விரட்டவில்லை. கேட்டது அவ்வளவுதான். அப்பா படியில் வைத்த காலைக் கீழே எடுத்துக்கொண்டு, "சும்மா பார்க்கத்தான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "வெயில் ஜாஸ்தி, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெயிலைப் பற்றி அவர் பேசவில்லை என்று புரிகிற வயதுதான்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற வழியில், பாசாரைத் தாண்டி ஒரு சின்னச் சைக்கிள் கடை. சீனர் கடை. உள்ளே போகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கடைக்கு முன்னால் நடைபாதையில் நிழலாக ஒரு நீளப் பலகை போட்டிருந்தது. அதில் ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தூணில் ஒரு காற்றுப் பம்பு சங்கிலியால் கட்டித் தொங்கியது. யாரோ ஒரு பையன் வந்து தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனான். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே குந்தியிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளை பனியன், நீலக் காற்சட்டை, கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"வா தம்பி. பசியாறியாச்சா? குந்து, குந்து" என்றார், தோட்டத்துத் தமிழில். பக்கத்தில் கெண்டியில் இருந்த சீனத் தேத்தண்ணியைக் கையால் காட்டினார். குனிந்து வேலையைத் தொடர்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை.

அவர் ஒரு டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காற்றடித்த டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. அந்த இடத்தில் மைப் பென்சிலால் குறி போட்டார். துடைத்துக் காய வைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். சொலுஷன் தடவினார். தடவிய கையோடு ஒட்டவில்லை. விரல் வைத்தால் பிசுபிசுப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அதற்குள் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, குத்தியிருந்த ஆணியைப் பிடுங்கி மலாய்க்காரரின் கையில் கொடுத்தார். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா இதையெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "எல்லாம் நம்ம பாலுடா" என்றார்.

பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. டியூப்பைத் தூக்கிக் காட்டி, "ஆமா, உங்க பாலு. நீங்க வெட்டலேன்னா எனக்குக் கடை ஏது?" என்றார்.

வாசகர்களே, இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார்; தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்தது. சைக்கிள் டயருக்கும், பிறகு மோட்டார் டயருக்கும் ரப்பர் தேவைப்பட்டதால்தான் இந்த நாட்டுக் காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன் பாட்டிமார் கப்பல் ஏறினார்கள். சைக்கிள் கடைக்குள் போகத் தயங்கி நிற்க வேண்டிய கடைசி மனிதன் பால்வெட்டுத் தொழிலாளி. ஆனால் அன்று அதை எங்களுக்குச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். அவர் சொன்னதும் அப்பாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு அப்பா எழுந்து உள்ளே போனார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பழைய சைக்கிள்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் விலை. வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. ஒரு பழைய ராலேயின் அட்டையில் 65 என்று இருந்தது. அப்பா அதன் சீட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பதுதான் இருக்கு தவுக்கே" என்றார். பெரிய கடையில் வாய்க்கு வராத வார்த்தை இங்கே சுலபமாக வந்தது.

பெரியவர் மேசைக்குள்ளிருந்து இரண்டு சின்ன நோட்டுப் புத்தகங்களை எடுத்தார். கடன் கணக்கு எழுத எல்லாரும் வைத்திருப்பார்களே, அந்த 555 நோட்டு. இரண்டிலும் ஒரே கணக்கை எழுதினார். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். "மாசம் அஞ்சு வெள்ளி. ஏழு மாசம். உங்க புத்தகம் உங்க கையிலே, என் புத்தகம் என் கையிலே" என்றார். பிறகு என்னைச் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். கால் எட்டவில்லை. சீட்டைக் கடைசிவரை இறக்கினார். அப்போதும் எட்டவில்லை. இரண்டு மரக்கட்டைகளை அறுத்துப் பெடலின்மேல் வைத்துக் கம்பியால் இறுக்கினார். "போ, ஓட்டிப் பாரு" என்று பின்சந்துக்கு அனுப்பினார். பாதிப் பணம்கூட வாங்காத சைக்கிளை முன்பின் தெரியாத பையனிடம் கொடுத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்றார். ஜனவரியில் நான் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளி விடுமுறைகளில் அந்தக் கடைக்கே வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மூன்றாம் படிவம் முடித்ததும், 1970இல் முழு நேரமாகச் சேர்ந்துவிட்டேன். பெரியவரை ஆப்பே என்று கூப்பிடுவேன். சீனாவில் புக்கியான் மாநிலத்தின் ஹெங்குவா பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சைக்கிள் தொழில் செய்தவர்களில் ஹெங்குவாக்காரர்கள் ஏராளம். மற்றச் சீனர்களுக்குப் பிந்தி வந்தவர்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் முந்தி வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால், ரிக்‌ஷா இழுப்பது, சைக்கிள் பழுது பார்ப்பது என்று மிஞ்சிய வேலைகளில் இறங்கி, அதிலேயே முன்னுக்கு வந்தார்கள்.

ஆப்பேயிடம் தொழில் கற்றேன். வளைந்த சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தக் கம்பியை இறுக்கினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துக் கோணல் எடுப்பது எப்படி; செயின் எவ்வளவு தளர்ந்திருக்கலாம்; காற்று டியூப்பில் போகிறதா, வால்வு ரப்பரில் போகிறதா என்று வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி. இதெல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிட்டது. கடையை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் எளிதில் வரவில்லை. அவர் அதைப் பாடமாகச் சொல்லவில்லை. நான் தவறு செய்யும்போது மட்டும் சொல்வார்.

ஒரு நாள் இடத்தை அடைக்கிறதே என்று பலகையை எடுத்து உள்ளே போட்டேன். "வெளியே போடு. உள்ளே இருந்தா வாங்குறவன்தான் குந்துவான். வெளியே இருந்தா எல்லாரும் குந்துவான். குந்துறவன் ஒரு நாள் வாங்குவான்" என்றார்.

பம்பைச் சும்மா கொடுக்கிறோமே, ஐந்து காசு வாங்கலாமே என்றேன். காற்றுக்குக் காசு வாங்கினால், காற்றடிக்க வருகிறவன் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதை நம்மிடம் காட்ட மாட்டான் என்றார்.

பழுதுபார்க்கும் இடத்தை அவர் கடையின் பின்னால் ஒளித்து வைக்கவில்லை. வாசலருகே, நல்ல வெளிச்சத்தில் வைத்திருந்தார். வேலைக்கு வெளிச்சம் வேண்டும். அதைவிட, வாடிக்கைக்காரர் கண் முன்னால் வேலை நடக்க வேண்டும். புது சாமான் போட்டால், கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். சக்கரத்தைக் கழற்றும் முன்பே எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவார். சொன்னதற்குமேல் ஆகும்போல இருந்தால், கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சாவிகளைச் சுவரில் ஒரு பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் சாயத்தால் வரைந்து வைத்திருந்தார். எது காணாமல் போனாலும் வெற்று உருவம் காட்டிக்கொடுக்கும். டயர்களை 28, 26, 24, 20 அங்குலம் என்று அளவு வாரியாகத் தொங்க விட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும், "அந்த மூணாவதா தொங்குதே, அது" என்று கை காட்டினால் போதும். சாக்கடைமேல் அகலமான பலகை கிடக்கும். சைக்கிளைத் தூக்காமல் உருட்டிக்கொண்டே உள்ளே வரலாம். பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோடு வருகிறவருக்கு அந்தப் பலகையின் அருமை தெரியும்.

வரிசையிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குமேல் முதலில் வந்தவர் யார் என்று கேட்க மாட்டார். தூரத்துக்குப் போகிறவர் யார் என்று கேட்பார். விளக்கு இல்லாமல் இருட்டில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் சம்மன் கொடுக்கும் காலம் அது. தோட்டத்துக்காரர் பொழுது சாயும் முன் கிளம்ப வேண்டும். பட்டணத்துக்காரர்கள் முணுமுணுத்தாலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

ஒரு முறை நான் கேட்டேன். "ஆப்பே, வர்றவங்களை நீங்க ஏன் 'என்ன வேணும்'னு கேட்கிறதே இல்லை?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொன்னார். 1941 டிசம்பரில் ஜப்பான் படை ஜித்ரா, குருன் வழியாகத் தெற்கே இறங்கியது. படையில் நிறையப் பேர் சைக்கிளில் வந்தார்கள். வழியில் ஊருக்கு ஊர் சைக்கிள்களையும் சாமான்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போது ஆப்பே இன்னொருவர் கடையில் வேலையாள். சிப்பாய்கள் உள்ளே வந்து டயர், டியூப் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, முதலாளியும் அவரும் சுவரோரமாகக் கை கட்டி நின்றார்களாம்.

"பொருள் போனது போகட்டும். கை கட்டி நின்னேன் பாரு, அது போகலே" என்றார். "என் கடையிலே எவனும் கை கட்டி நிற்கக் கூடாது. 'என்ன வேணும்'னு கேட்டா, காசு இல்லாதவன் கை கட்டுவான். 'குந்து'ன்னு சொன்னா கட்ட மாட்டான்."

1981இல் பட்டணத்தின் ஓரத்தில் நான் சொந்தக் கடை திறந்தேன். ஆப்பே அப்போது தொழிலை விட்டிருந்தார். தன் சாவிப் பலகையை எனக்குக் கொடுத்தார். அவர் கடை போலவே எல்லாம் செய்தேன். பலகை, பம்பு, தொட்டி, விலை அட்டை, 555 நோட்டு.

ஒரு குறை இருந்தது. அதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அந்த வருடங்களில் ஆண்கள் பலர் ஹோண்டா மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் என் கடைக்குப் பெண்கள் வரவில்லை. பிள்ளைகளிடம் சைக்கிளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

"எப்படி வருவாங்க? வாசலை நேராப் பார்த்து பலகையைப் போட்டு வெச்சிருக்கீங்க. நாலு ஆம்பிளைங்க சிகரெட்டைப் பிடிச்சுக்கிட்டு, வர்றவங்களை வெச்ச கண்ணு வாங்காமப் பார்க்கிறாங்க. நானே உள்ளே வர யோசிக்கிறேன்" என்றாள்.

பலகையைத் திருப்பி, பக்கச் சுவரோரமாக, வேலை நடக்கும் இடத்தைப் பார்த்த மாதிரி போட்டேன். இன்னொரு பக்கம் இரண்டு நாற்காலிகளும், பிள்ளைகளுக்கு ஒரு முக்காலியும் வைத்தேன். குறுக்குச் சட்டம் இல்லாத பெண்கள் சைக்கிளையும், செயினை முழுக்க மூடுகிற உறை போட்டதையும் முன் வரிசைக்குக் கொண்டு வந்தேன். சேலையோ பாவாடையோ செயினில் மாட்டாது. காசு செலவில்லாத மாற்றம்தான். இரண்டு மாதத்தில் பெண்கள் தாங்களே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆப்பேயிடம் இல்லாத ஒரு பாடத்தை வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

இப்படியெல்லாம் கற்றவன், பிறகு ஒரு பெரிய தவறு செய்தேன்.

1996இல் வியாபாரம் நன்றாக இருந்தது. பட்டணம் வளர்ந்துகொண்டிருந்தது. கடையைப் புதுப்பித்தேன். தரைக்கு வெள்ளை ஓடு. முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர்சாதனம். நடைபாதைப் பலகை அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். பம்பைப் பின்கட்டுக்குக் கொண்டு போனேன். பழுது பார்க்கிற இடத்தையும் பின்னால் தள்ளி, தடுப்புப் போட்டு மறைத்தேன். எனக்கென்று உயரமாக ஒரு கல்லா செய்துகொண்டேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். கதவுக்கு வெளியே சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். "வேணாம்ணே, போட்டுக்கிட்டே வாங்க" என்பேன். "இருக்கட்டும் தம்பி, தரை வீணாயிடும்" என்பார்கள். வெள்ளைத் தரையில் வெறுங்காலோடு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்டதை வாங்கிக்கொண்டு உடனே போய்விடுவார்கள். யாரும் உட்காரவில்லை. பிறகு வருவதும் குறைந்தது. தோட்டத்து மக்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் டிசம்பர் மாதம், ஒரு மத்தியானம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். கூடவே பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த அம்மா சிலிப்பரைக் கழற்றினார். கால் ஈரமாக, செம்மண்ணோடு இருந்தது. வெள்ளைத் தரையைப் பார்த்தார். காலை மிதியடியில் தேய்த்தார். மறுபடியும் பார்த்தார். பிள்ளை உள்ளே இருந்த ஒரு சிவப்புச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருக்கிறது, குளிர் வெளியே போகிறது என்ற எரிச்சல். தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"வாங்கவா, சும்மா பார்க்கவா?"

"சும்மா பார்க்கத்தான்" என்றது அந்தக் குரல். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு வரி எழுதியிருப்பேன். பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். நடைபாதையில் இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். ஒரு பஸ் அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறினார்களோ, வேறு கடைக்குப் போனார்களோ தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஜனவரியில் பள்ளிக்கூடம் போகச் சைக்கிள் வேண்டியிருந்ததோ, என்னவோ. எந்தத் தோட்டம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு பல வருடங்கள், சிவப்புச் சைக்கிளில் போகிற பெண் பிள்ளைகளைக் கண்டால் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பெண் என் கடைக்குத் திரும்ப வரவே இல்லை.

அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்க அப்பாவுக்கு அந்தப் பலகை எவ்வளவு தூரத்திலே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிட தூரத்தில் இன்னொரு கடை இருந்ததால்தான் நான் படித்தேன். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு கடை இருந்திருக்குமா?

அடுத்த வாரமே கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். வெள்ளை ஓட்டைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் தரை போட்டேன். தண்ணீர் வாசல் பக்கம் வழிய லேசான சரிவு வைத்து. பம்பு தூணுக்குத் திரும்பியது. பலகை நடைபாதைக்குத் திரும்பியது. உயரமான கல்லாவை அறுத்துக் குட்டையாக்கி, வாசலுக்குப் பக்கத்தில் போட்டேன். வருகிறவர் முகத்துக்கு நேராக என் முகம் இருக்க வேண்டும் என்பதற்காக. செலவழித்த பணத்தை மறுபடியும் செலவழித்து அழிக்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தோட்டத்து ஆட்கள் மெதுவாகத் திரும்ப வந்தார்கள். பழையபடி உட்கார்ந்தார்கள். சிலிப்பரோடு.

இப்போது காலம் மாறிவிட்டது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனை வந்தது, பிறகு ஒரு பக்கம் வீடுகள் வந்தன. எங்கள் லயத்து மக்கள் தாமான்களுக்கும் வேறு ஊர்களுக்கும் பிரிந்து போய்விட்டார்கள். சைக்கிளிலும் பல கியர் வைத்தவை, மடக்கி வைக்கக்கூடியவை, மின்சாரத்தில் ஓடுபவை என்று வந்துவிட்டன. ஆனால் கடை வாசலில் வந்து நிற்கிற மனிதனின் தயக்கம் மாறவில்லை.

ஆகவே சைக்கிள் கடையோ, வேறு எந்தக் கடையோ வைக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை சொல்கிறேன். விலையை எழுதித் தொங்க விடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் உண்மையில் வாங்க வந்தவர். உட்கார ஓர் இடம் போடுங்கள், அதில் பாதி தெருவில் இருக்கட்டும். வேலையைக் கண் முன்னால் செய்யுங்கள். கழற்றிய சாமானைக் கையில் கொடுங்கள். ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றைச் சும்மா கொடுங்கள். பெண்கள் நுழையும் பாதையில் யார் பார்வையும் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை, வருகிறவர் காலைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டாம்.

கடைக்குப் போகிற நம் மக்களுக்கும் ஒன்று. படியில் கால் தயங்கினால், குறை உங்கள் காலில் இல்லை. விலையைக் கேளுங்கள். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்ல மனமில்லாத கடையாக இருந்தால், இன்னும் பத்து நிமிடம் நடங்கள். எங்காவது ஒரு பலகை போட்டிருப்பார்கள்.

அப்பா வாங்கிய அந்த 555 நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து வெள்ளி. கடைசி வரிக்குக் கீழே ஆப்பே சீனத்தில் ஏதோ எழுதியிருந்தார். என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "கணக்கு முடிஞ்சுது" என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

அவருடைய கணக்கு முடிந்தது. என்னுடையது இன்னும் முடியவில்லை. அந்தச் சிவப்புச் சைக்கிளைப் பார்த்து நின்ற பிள்ளை இப்போது நாற்பது வயதுப் பெண்மணியாக இருப்பாள். ஒருவேளை அவள் கையில் இந்தப் பக்கம் கிடைத்தால், ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும்.

உள்ளே வாம்மா. சிலிப்பரைக் கழற்ற வேண்டாம்.